25 சென்ட் குற்ற நாவல்கள்: படிக்கவும் சேர்க்கவும் தொடங்குபவருக்கு

பேருந்துக்குக் காத்திருக்கும்போது வாங்கி, இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போவதற்காக அச்சடித்த புத்தகங்கள் இவை. 1940களிலும் 50களிலும் அமெரிக்காவில் 25 சென்ட்டுக்கு விற்ற குற்ற நாவல்கள். யாரும் எழுபது எண்பது ஆண்டுகள் கழித்து அவற்றைத் தேடி வருவார்கள் என்று பதிப்பாளர் நினைக்கவில்லை. கதையின் வேகம், கண்ணைப் பிடித்திழுக்கும் அட்டை, பையில் அடங்கும் அளவு எல்லாம் அந்த அவசரத்தில் பிறந்தவை. பழுப்பேறி நொறுங்கும் தாளும், நடுவில் பிளக்கும் முதுகும் அதே அவசரத்தின் பிள்ளைகள்தான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எதை வாங்குவது, எப்படிப் பிரிப்பது, எங்கே வைப்பது என்ற கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

'பல்ப்' என்றால் மரக்கூழ். அந்த மட்டமான தாளில், நம் ஊர் வழக்கில் சொன்னால் சாணித்தாளில், அச்சான மாத இதழ்களுக்குத்தான் அந்தப் பெயர் முதலில் வந்தது. சுமார் 7 அங்குல அகலம், 10 அங்குல உயரம். 1920-ல் தொடங்கிய 'பிளாக் மாஸ்க்' அவற்றில் குற்றக் கதைகளுக்குப் பேர்போனது. நாம் பேசுவது அந்த இதழ்களைப் பற்றி அல்ல. அவற்றுக்குப் பின்னால் வந்த, மெல்லிய அட்டை போட்ட சிறிய பேப்பர்பேக் புத்தகங்களைப் பற்றி. விற்பனைக் குறிப்புகளில் இரண்டையும் 'பல்ப்' என்றே எழுதுகிறார்கள். அளவைக் கேட்காமல் பணம் அனுப்பினால் நாவலுக்குப் பதில் சிறுகதை இதழ் வந்து சேரும்.

பேப்பர்பேக்கின் கணக்கு 1939-ல் தொடங்குகிறது. ராபர்ட் டி கிராஃப் தொடங்கிய 'பாக்கெட் புக்ஸ்' பத்துத் தலைப்புகளை 25 சென்ட் விலையில் இறக்கியது. சின்னம் கங்காரு. புத்தகக் கடைகளை மட்டும் நம்பாமல், பத்திரிகை போடும் விநியோகஸ்தர்கள் வழியே செய்தித்தாள் கடை, மருந்துக் கடை, ரயில் நிலையம் என்று புத்தகத்தைக் கொண்டுபோனதுதான் அவர்களின் பெரிய காரியம். பின்னாலேயே ஏவான் (1941), பாப்புலர் லைப்ரரி (1942), டெல் (1943), பேன்டம் (1945), சிக்னெட் (1948) என்று வரிசை கட்டின. இவை வெளியிட்டவற்றில் பெரும்பகுதி, கெட்டி அட்டையில் ஏற்கெனவே வந்த நாவல்களின் மலிவு மறுபதிப்புகள்.

திருப்பம் 1950-ல் வந்தது. ஃபாசெட் நிறுவனம் அப்போது சிக்னெட் புத்தகங்களுக்கு விநியோகஸ்தர். மறுபதிப்பு வெளியிட்டுப் போட்டிக்கு வரக்கூடாது என்று ஒப்பந்தம் கையைக் கட்டியிருந்தது. சரி, மறுபதிப்புதானே கூடாது என்று, இதுவரை எங்கும் வராத புது நாவல்களை நேரடியாக பேப்பர்பேக்கில் போட ஆரம்பித்தார்கள். அதுதான் 'கோல்ட் மெடல்'. எழுத்தாளருக்கு விற்ற பிரதிக்கு அல்ல, அச்சடித்த பிரதிக்குக் காசு: 2,00,000 பிரதி அச்சிட்டால் 2,000 டாலர், மேற்கொண்டு ஒவ்வொரு லட்சத்துக்கும் 1,000 டாலர். விற்றாலும் விற்காவிட்டாலும் பணம் கைக்கு வரும் என்றதும் வேகமாக எழுதக்கூடிய கைகள் எல்லாம் அங்கே திரும்பின. இந்த வகைப் புத்தகங்களின் உச்சம் அதற்கடுத்த பத்தாண்டுகள்தான் என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

ஒரே ஒரு பதிப்பகத்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சேர்க்க முனைவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஆறே மாதத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 60 புத்தகங்கள் குவிந்துவிடும். எது நல்ல பிரதி, எது மறுஅச்சு என்று சொல்லும் கண் மட்டும் வந்திருக்காது. ஒரு பதிப்பகத்தின் 15 புத்தகங்களைக் கையில் பிடித்துப் பார்த்தவருக்கு அந்தக் கண் தானாக வந்துவிடும்.

படிப்பதே முதல் ஆசை என்றால் கோல்ட் மெடலில் தொடங்குங்கள். எண்ணிக்கையில் ஏராளமாக அச்சானதால் சாதாரணத் தலைப்புகள் இன்றும் எளிதில் கிடைக்கின்றன. ஜான் டி. மெக்டொனால்ட், சார்லஸ் வில்லியம்ஸ், டேவிட் குடிஸ், கில் ப்ரூவர் எல்லோரும் இங்கே எழுதினார்கள்.

பொருளாகப் பார்த்து மகிழ வேண்டும் என்றால் டெல் நிறுவனத்தின் 'மேப்பேக்' புத்தகங்கள். 1943 முதல் 1950களின் தொடக்கம் வரை வந்தவை. ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்னட்டையில் சாவித் துவாரமும் அதற்குள் ஒரு கண்ணும் சின்னமாக இருக்கும். ஓவியம் பெரும்பாலும் வண்ணத்தைக் காற்றால் பீய்ச்சும் தூரிகையால் (ஏர்பிரஷ்) வழவழவென்று இழைத்தது. அப்படி வரைந்தவர்களில் முதன்மையானவர் ஜெரால்ட் கிரெக். திருப்பினால் பின்னட்டை முழுக்கக் கதை நடக்கும் இடத்தின் வரைபடம்: வீட்டின் கூரையைப் பெயர்த்தெடுத்துவிட்டு மேலிருந்து பார்ப்பதுபோல அறைகள், மாடிப்படி, கொலை நடந்த இடம், வெளியே தோட்டம், சாலை. உள்ளே கதைக்கு முன்னால் பாத்திரங்களின் பட்டியலும், இந்த மர்மம் எதைப் பற்றியது என்ற சிறு குறிப்பும் உண்டு. அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே படிப்பது தனிச் சுகம். யார் எந்தக் கதவு வழியாக வந்திருக்க முடியும் என்று விரலால் கோடு போட்டுப் பார்க்கலாம்.

1952-ல் தொடங்கிய ஏஸ் நிறுவனத்தின் இரட்டைப் புத்தகங்கள் இன்னொரு விந்தை. ஒரு நாவலைப் படித்து முடித்துப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினால் இன்னொரு முன்னட்டை, இன்னொரு நாவல். பின்னட்டை என்பதே கிடையாது. 35 சென்ட்டுக்கு இரண்டு. வாங்கும்போது இரண்டு பக்கத்துப் படத்தையும் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கம் பளபளக்கும். மறுபக்கம் மேசையில் தேய்ந்தே வெளுத்திருக்கும்.

1949 முதல் 1957 வரை இயங்கிய லயன், ஜிம் தாம்ஸனின் முக்கியமான நாவல்களை முதன்முதலாக வெளியிட்ட பதிப்பகம். அருமையானவை, ஆனால் புதியவருக்கு ஏற்றவை அல்ல. விலை அதிகம், நல்ல பிரதி அரிது. கண் பழகிய பிறகு போகலாம்.

சேர்ப்பதற்கு முன்னால் படியுங்கள்

பழைய பிரதி வாங்கும் முன்பு, இந்தக் கதைகள் உங்களுக்குப் பிடிக்குமா என்று புதுப் பதிப்புகளில் பார்த்துவிடுங்கள். 'லைப்ரரி ஆஃப் அமெரிக்கா' 1997-ல் 1930கள் முதல் 50கள் வரையிலான 11 குற்ற நாவல்களை இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தது. 1984-ல் தொடங்கிய 'பிளாக் லிசார்ட்', 2004-ல் தொடங்கிய 'ஹார்ட் கேஸ் கிரைம்' என்ற பதிப்பகங்கள் இரண்டும் மறந்துபோன பெயர்களை மீட்டுக் கொடுத்தவை. நான்கைந்து நாவல் படித்தாலே உங்கள் ருசி எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்: துப்பறிவாளர் கதையா, கொள்ளைத் திட்டக் கதையா, அல்லது ஒரு சாதாரண மனிதன் ஒரு தப்பான முடிவெடுத்துப் படிப்படியாக மூழ்கும் கதையா. மூன்றாவது வகைதான் இந்தப் புத்தகங்களின் உயிர் என்போம். நாயகன் காப்பீட்டு முகவர், பழைய கார் விற்பவர், வேலை போனவர் என்று யாரோ ஒருவர். அவர் செய்யப்போவது தவறு என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தும் பக்கத்தைத் திருப்பாமல் இருக்க முடியாது.

நீளம் இன்னொரு காரணம். 25 சென்ட் விலைக்குள் தாளும் அச்சும் அடங்க வேண்டும் என்பதால் பெரும்பாலானவை 160 அல்லது 192 பக்கம். 50,000 முதல் 60,000 சொற்கள். ஆங்கிலத்தில் சரளமாகப் படிப்பவருக்கு நான்கு மணி நேரம். வர்ணனைக்கு இடமில்லை. முதல் பக்கத்திலேயே வாசகரைப் பிடித்தாக வேண்டும், ஏனென்றால் கடையின் கம்பித் தாங்கியில் அதை எடுத்துப் புரட்டுபவர் நின்றுகொண்டிருக்கிறார்.

பேச்சுவழக்குதான் நமக்கு இடறும். அகராதியில் தேடிக் களைக்காமல் இந்தச் சிலவற்றை நினைவில் வைத்தால் போதும். 'ஷேமஸ்', 'கம்ஷூ' என்றால் தனியார் துப்பறிவாளர். 'கேட்', 'ராட்', 'ஹீட்டர்' மூன்றும் கைத்துப்பாக்கி. 'பேட்ஸி' என்பது பழியைச் சுமக்க மாட்டிவிடப்பட்டவர். 'ஸ்டூலி' போலீஸுக்குக் காட்டிக்கொடுப்பவர். 'கிரிஃப்டர்' நயமாகப் பேசி ஏமாற்றிப் பிழைப்பவர். 'ஃபின்' 5 டாலர், 'சாபக்' 10 டாலர், 'சி-நோட்' 100 டாலர், 'கிராண்ட்' 1,000 டாலர். பண அளவு புரியாவிட்டால் கதையே புரியாது: 25 சென்ட்டுக்குப் புத்தகம் கிடைத்த காலத்தில் 'ஐந்து கிராண்ட்' என்பது அந்தப் புத்தகத்தில் 20,000 பிரதி வாங்கும் பணம். அதற்காகக் கொலை நடப்பதில் வியப்பில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண்களைப் பற்றியும் கறுப்பின மக்களைப் பற்றியும் அந்தக் கால வெறுப்புகள் பல நாவல்களில் அப்படியே இருக்கின்றன. ஆனால் அந்த அலமாரியில் வேறு குரல்களும் இருந்தன. மேரிஜேன் மீக்கர் என்ற பெண் 'வின் பேக்கர்' என்ற பெயரில் கோல்ட் மெடலுக்குத் தொடர்ந்து குற்ற நாவல்கள் எழுதினார். கறுப்பின எழுத்தாளர் செஸ்டர் ஹைம்ஸின், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் நடக்கும் நாவல் வரிசை 1957-ல் கோல்ட் மெடலில்தான் அமெரிக்காவில் அறிமுகமானது. தேடிப் படிக்க வேண்டியவர்கள்.

பதிப்புரிமைப் பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஐஎஸ்பிஎன் எண் வராத காலம் இது. அட்டையிலும் முதுகிலும் உள்ள வரிசை எண்தான் புத்தகத்தின் அடையாளம். எந்தப் பிரதியைப் பார்த்தாலும் இந்த வரிசையில் சரிபாருங்கள்:

1. வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணுக்கு முன்னால் எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் விலைக் குறி. ஏஸ் புத்தகங்களில் 'எஸ்' 25 சென்ட், 'டி' 35, 'எஃப்' 40, 'எம்' 45, 'ஜி' 50.
2. விலையைப் பாருங்கள். தோராயமாக, 25 சென்ட் என்றால் 1950களின் முற்பாதி வரை. 35 என்றால் அதன் பிற்பாதி. 40, 50 என்று போனால் 1960கள். 1951 என்று தேதி போட்டு 40 சென்ட் விலை இருந்தால் அது பின்னால் வந்த மறுஅச்சு என்று உடனே தெரிந்துகொள்ளலாம். நாணயத்தையும் கவனியுங்கள்: விலை ஷில்லிங்கிலும் பென்ஸிலும் இருந்தால் அது பிரிட்டிஷ் பதிப்பு. கோல்ட் மெடல் பெயரிலேயே பிரிட்டனில் தனியாக அச்சானவை உண்டு.
3. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் 'முதல் அச்சு', மாதம், ஆண்டு என்ற வரியைத் தேடுங்கள். சிக்னெட், பாக்கெட் புக்ஸ் போன்றவை பெரும்பாலும் அச்சு வரலாற்றையே போட்டுவிடும். டெல் மேப்பேக் பலவற்றில் அச்சிட்ட தேதியே இருக்காது. பதிப்புரிமை ஆண்டு மூல நாவலுடையது. அதை இந்தப் பிரதியின் வயதாக எடுத்துக்கொள்வது பலர் செய்யும் பிழை.
4. 'முழுமையானது, சுருக்கப்படாதது' என்ற வாசகம் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பதிப்புரிமைப் பக்கத்தில் சுருக்கம் என்று பொடி எழுத்தில் இருக்கலாம். பக்கக் கணக்குக்குள் அடக்க நாவலை வெட்டிய வழக்கம் உண்டு.
5. பழைய தலைப்பைத் தேடுங்கள். புது அட்டையோடு புதுப் பெயரும் வைத்து விற்பது அன்றைய நடைமுறை. செஸ்டர் ஹைம்ஸின் 'ஃபார் லவ் ஆஃப் இமபெல்' பின்னர் 'எ ரேஜ் இன் ஹார்லெம்' ஆனது. டேவிட் குடிஸின் 1956 நாவல் 'டவுன் தேர்', பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோ அதைப் படமாக எடுத்த பிறகு படத்தின் பெயரிலேயே வந்தது. இது தெரியாமல் ஒரே நாவலை இரண்டு முறை வாங்குவது மிகச் சாதாரணம்.

புனைபெயர்களும் இதே வகைச் சிக்கல்தான். 'எட் மெக்பெய்ன்' எழுதியவர் இவான் ஹண்டர். 'ரிச்சர்ட் ஸ்டார்க்' என்பவர் டொனால்ட் வெஸ்ட்லேக். கார்னெல் வூல்ரிச் 'வில்லியம் ஐரிஷ்' என்றும் எழுதினார். ஒருவரைப் பிடித்துவிட்டது என்றால் அவருடைய மற்றப் பெயர்களைத் தெரிந்துகொள்வது, புத்தகம் தேடுவதற்குள்ள மிகச் சிறந்த குறுக்கு வழி.

பிரதியின் நிலையைப் பார்ப்பது

அட்டைக்கு மயங்காதீர்கள். தாளில் தொடங்குங்கள். மரக்கூழை வேதிமுறையில் சுத்தம் செய்யாமல் அரைத்தே தாளாக்கியதால் லிக்னின் என்ற பொருள் அதிலேயே தங்கிவிட்டது. காற்றும் வெளிச்சமும் பட்டால் அது பழுப்பாகும். மை பரவாமலிருக்கப் படிகாரமும் பிசினும் கலந்தார்கள். அந்தப் படிகாரம் தாளுக்குள் அமிலத்தை உண்டாக்கி, நார்களைத் துண்டு துண்டாக அறுக்கிறது. காற்று படும் இடத்தில் தொடங்குவதால் பழுப்பு ஓரத்திலிருந்து உள்நோக்கி நகரும். ஆகவே புத்தகத்தைப் பாதியில் மெல்லத் திறந்து, தைப்பு ஓரம் ஒட்டிய நடுப்பகுதியைப் பாருங்கள். ஓரம் மட்டும் தேநீர் நிறத்திலும் நடு வெளிர் மஞ்சளிலும் இருந்தால் இன்னும் பல ஆண்டு தாங்கும். நடுவும் ஒரே பழுப்பு என்றால் தாள் முழுவதும் போய்விட்டது. மூலையை மடித்துச் சோதிக்க வேண்டாம், ஒடிந்துவிடும். பக்கத்தைச் சற்றே வளைத்துவிட்டால் பழைய நிலைக்குத் துள்ளித் திரும்ப வேண்டும். மெல்லிய முறுகல் சத்தம் கேட்டால் படிப்பதற்குக்கூட அது உதவாது.

அடுத்தது முதுகு. புத்தகத்தை மேசையில் நிறுத்தி மேலிருந்து பாருங்கள். செவ்வகமாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து சாய்சதுரமாகத் தெரிந்தால், முன்னட்டையை ஒரே கையால் பின்னால் மடக்கிப் பிடித்துப் படித்திருக்கிறார்கள். அது நேராகாது. முதுகில் நெடுக ஓடும் வெள்ளைக் கோடுகள் பசை உடைந்த இடங்கள். ஒரு கோடு பரவாயில்லை. மூன்று இருந்தால் பக்கங்கள் கட்டுக் கட்டாகக் கழன்று வரும் நாள் தூரத்தில் இல்லை.

பிறகு அட்டை. சில புத்தகங்களின் மேலே ஒட்டிய மெல்லிய பளபளப்புப் படலம் ஓரத்தில் உரிந்துவரும், குறிப்பாகப் பழைய பாக்கெட் புக்ஸில். உரிந்ததை இழுத்துவிட்டால் வண்ணமும் கூடவே வந்துவிடும். முதுகின் வண்ணம் அட்டையைவிட வெளுத்திருந்தால் ஜன்னல் ஓரத்து அலமாரியில் வெயில் பட்டு நின்ற புத்தகம். பக்க ஓரங்களுக்குச் சிவப்போ மஞ்சளோ நீலமோ பூசியிருப்பார்கள். அந்தச் சாயம் உள்பக்கங்களில் கசிந்திருந்தால் தண்ணீர் பட்டிருக்கிறது.

அட்டையே இல்லாத பிரதியை வாங்காதீர்கள். விற்காத புத்தகத்தின் அட்டையை மட்டும் கிழித்துப் பதிப்பாளருக்கு அனுப்பிப் பணத்தைத் திரும்பப் பெறுவது அன்றைய கடைக்காரர் வழக்கம். மிச்சம் அழிக்கப்பட வேண்டியது. அப்படித் தப்பி வந்தவைதான் பெரும்பாலும் அட்டையில்லாமல் சுற்றுகின்றன.

எல்லாக் குறையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். உள்ளட்டையில் பழைய உரிமையாளரின் பெயர், கடை முத்திரை, பென்சிலில் எழுதிய விலை எல்லாம் எங்கள் கணக்கில் குறையே இல்லை. புத்தகம் எந்தக் கைகளைக் கடந்து வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அட்டைப் படத்தின் மீது ஒட்டிய டேப்பும், கிழிந்துபோன கடைசிப் பக்கமும் மன்னிக்க முடியாதவை. குற்ற நாவலில் கடைசிப் பக்கம் இல்லையென்றால் மிச்சம் என்ன இருக்கிறது? வாங்குமுன் பக்க எண்களைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

நேரில் பார்க்க முடியாதபோது ஏழு படங்களைக் கேளுங்கள்: முன்னட்டை, பின்னட்டை, முதுகு, மேலிருந்து பார்த்த ஓரம், பதிப்புரிமைப் பக்கம், நடுவில் திறந்த ஒரு பக்கம், கடைசிப் பக்கம். விற்பவர் அட்டையை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பினால் நகர்ந்துவிடுங்கள். 'வயதுக்கு நல்ல நிலை' என்ற சொற்களுக்குப் பொருளே கிடையாது. நல்ல நிலை என்றால் நல்ல நிலை.

அனுப்பும் முறையையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிளாஸ்டிக் உறை, அதன் இரு பக்கமும் புத்தகத்தைவிட எல்லாப் புறமும் 1 சென்டிமீட்டர் பெரிதான அட்டைகள், அதற்கு மேல் குமிழி உறை. ரப்பர் பேண்ட் போடவே கூடாது. அட்டை ஓரத்தை வெட்டும், நாளடைவில் உருகிக் கறை பிடிக்கும்.

முதல் பத்துப் புத்தகங்களுக்கு, சுமாரான நிலையில் உள்ள மலிவுப் பிரதிகளை மட்டும் வாங்குங்கள். பழகிக் கெடுத்தாலும் வருத்தமிருக்காது. ராபர்ட் மெகின்னிஸ், ஜேம்ஸ் அவாட்டி, ராபர்ட் மெகுவயர் போன்ற ஓவியர்களின் அட்டைகளுக்குத் தனி விலை உண்டு. ஓவியரின் கையெழுத்தை அட்டையின் கீழ் மூலைகளில் தேடுங்கள். பெயர் உள்ளே எங்கும் அச்சாகாமல் போன புத்தகங்கள் ஏராளம். அட்டையில் இருக்கும் காட்சி கதையில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். துப்பாக்கி, மங்கிய விளக்கு, கதவோரம் நிற்கும் பெண் எல்லாம் கம்பித் தாங்கியில் கண்ணைப் பிடிக்க வரைந்தவை. 1952-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் கேதிங்ஸ் குழு பேப்பர்பேக்குகளையும் அவற்றின் அட்டைகளையும் விசாரணைக்கு எடுத்ததே அந்தக் கவர்ச்சியால்தான்.

வீட்டுக்கு வந்ததும்

நேராக அலமாரியில் வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சியோ புத்தகப் பேனோ ஒன்று இருந்தால் போதும், எல்லாவற்றுக்கும் பரவும். மூடிய பையில் இரண்டு வாரம் தனியாக வையுங்கள். பையின் அடியில் பொடிப்பொடியாகத் துகளோ, ஓரங்களில் புது அரிப்போ தெரிந்தால் உறைய வைக்க வேண்டும். ஈரமில்லாத புத்தகத்தைக் காற்று புகாத பையில் இட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். 24 மணி நேரம் அப்படியே விட்டு அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் குளிர்ந்த தாளில் ஈரம் வியர்த்துச் சாயம் ஓடிவிடும். படலம் உரிந்துகொண்டிருக்கும் அட்டை என்றால் உறைய வைப்பதைத் தவிருங்கள்.

தூசுக்கு மென்மயிர்த் தூரிகை. மேல் ஓரத்தை முதுகிலிருந்து வெளிநோக்கித் துடையுங்கள், புத்தகத்தை இறுக்கி மூடிப் பிடித்தபடி. தளர்வாகப் பிடித்தால் தூசு உள்ளே இறங்கும். பென்சில் குறியை வெள்ளை வினைல் ரப்பரால் ஒரே திசையில் தேய்க்கலாம், ஆனால் தாள் இளகியிருந்தால் விட்டுவிடுங்கள். ஈரத்துணி எந்த நிலையிலும் வேண்டாம்.

விலை ஒட்டியை எடுப்பதில்தான் அதிக அட்டைகள் பாழாகின்றன. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு கையளவு தள்ளிப் பிடித்து அரை நிமிடம் காட்டுங்கள். நகத்தால் ஒரு மூலையைத் தூக்கி, அட்டையோடு ஒட்டினாற்போல் தாழ்வான கோணத்தில் மெல்ல இழுங்கள். மேலே செங்குத்தாக இழுத்தால் தாளின் மேல்தோல் கிழியும். மிஞ்சும் பிசுக்கைப் பஞ்சில் தொட்ட லைட்டர் திரவத்தால் ஒற்றியெடுக்கலாம். முதலில் பின்னட்டை மூலையில் ஒரு புள்ளி சோதித்துப் பாருங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அருகில் நெருப்பு கூடாது, டிரையர் அணைந்து ஆறியிருக்க வேண்டும்.

பழைய வாடை வந்தால், மூடியுள்ள பெட்டிக்குள் திறந்த கிண்ணத்தில் சமையல் சோடாவையோ கரித்துண்டையோ வைத்து, புத்தகம் அதைத் தொடாமல் ஓர் இரண்டு வாரம் விடுங்கள். வாடை குறையும், முழுவதும் போகாது. பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்தால் அது வேறு கதை: முகக்கவசம் போட்டு, வெளியே வெட்டவெளியில், நன்றாகக் காய்ந்த பிறகு தூரிகையால் தட்ட வேண்டும். அரிய புத்தகம் அல்ல என்றால் திருப்பி அனுப்புவதே மேல்.

கழன்ற பக்கத்தை ஒட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். செல்லோடேப்பை எடுத்துவிடாதீர்கள். சில ஆண்டுகளில் அதன் பசை தாளுக்குள் இறங்கி ஒளி ஊடுருவும் பழுப்புப் பட்டையாக நின்றுவிடும், பிறகு எதனாலும் போகாது. படிப்பதற்கான பிரதி என்றால் வெள்ளை பிவிஏ பசையைப் பக்கத்தின் உள்ளோரத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும், பல்குச்சி முனையால் தடவிப் பொருத்தி, இருபுறமும் மெழுகுத் தாள் வைத்து ஓர் இரவு கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள். அரிய பிரதி என்றால் ஒட்டவே வேண்டாம். கழன்றதை அதன் இடத்திலேயே செருகி, உறையில் போட்டு வைத்தால் போதும்.

படிக்கும் முறை

படிக்காமல் வைப்பதற்கு இவற்றைச் சேர்ப்பதில் பொருளில்லை என்று உறுதியாக நம்புகிறோம். ஆனால் முறை வேண்டும். இரு கைகளாலும் தாங்கிப் பிடித்து, 60 டிகிரி அளவுக்குத் திறந்தால் எழுத்து முழுக்கத் தெரியும். 90 டிகிரியைத் தாண்டக் கூடாது. மேசையில் விரித்து வைத்து அழுத்துவது முதுகின் உலர்ந்த பசையை ஒரே நொடியில் உடைக்கும்; 'டக்' என்று கேட்கும், அதுதான் கடைசிச் சத்தம். பக்கத்தைக் கீழ் மூலையில் பிடித்துத் திருப்பாமல், வெளி ஓரத்தின் நடுவில் விரல் வைத்துத் தூக்குங்கள். அடையாளத்துக்கு மெல்லிய தாள் துண்டு போதும். தடித்த அட்டை முதுகைப் பிளக்கும்.

படுத்துக்கொண்டு படிக்க ஆசையாக இருந்தால், அதற்குப் புதுப் பதிப்பையோ மின்னூலையோ வைத்துக்கொள்ளுங்கள்.

வைத்துக் காப்பது

புத்தகத்தின் அளவு சுமார் 4¼ அங்குல அகலம், 6½ முதல் 7 அங்குல உயரம். உறை ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலமாவது பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான உறைக்குள் திணிக்கும்போதுதான் மூலைகள் மடங்குகின்றன. பாலிபுரொப்பிலீன் அல்லது மைலார் உறையாகக் கேட்டு வாங்குங்கள். பிவிசி உறை ஆகாது. அதிலிருந்து கசியும் பொருள் அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். உறையின் வாயைப் புத்தக முதுகின் பக்கம் அல்லாமல் மேலே வரும்படி வைத்து, டேப் போடாமல் மடித்துவிடுங்கள். உறையில் ஒட்டிய டேப், புத்தகத்தை வெளியே இழுக்கும்போது அட்டையைக் கவ்வும்.

நேராக நிற்க வையுங்கள், சாய்வாக அல்ல. ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டு அடுக்கினால் எடுக்கும்போது முதுகின் மேல் நுனியைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்காது. 30 சென்டிமீட்டர் நீளப் பெட்டியில் சுமார் 25 புத்தகம் நிற்கும். அமிலமற்ற அட்டைப் பெட்டி சிறந்தது. படுக்கவைத்து அடுக்கினால் ஐந்துக்கு மேல் வேண்டாம்.

சூடும் ஈரமும்தான் எதிரிகள். 18 முதல் 20 டிகிரி செல்சியஸும், 35 முதல் 50 சதவீத ஈரப்பதமும் உகந்தவை. எல்லா வீட்டிலும் அது நடக்காது. அப்படியானால் குறைந்தபட்சம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் காய்ந்து இரவில் ஈரமாகும் அறைதான் தாளை வேகமாகக் கெடுக்கிறது. வெளிச்சுவர், சமையலறைச் சுவர், குளியலறைச் சுவர் மூன்றையும் தவிர்த்து, வீட்டின் உள்சுவர் ஒன்றில், தரையிலிருந்து ஓர் அடியாவது உயரத்தில் அலமாரி இருக்கட்டும். மலிவான ஈரப்பதமானி ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். 60-ஐத் தாண்டத் தொடங்கினால் சிலிக்கா ஜெல் பைகளை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பட்டியல் எழுதுங்கள்

பத்தாவது புத்தகம் வந்ததும் தொடங்கிவிடுங்கள்; ஐம்பதுக்குப் பிறகு தொடங்குவது பெரும் வேலை. பதிப்பகம், வரிசை எண், அச்சு, அட்டை விலை, எழுத்தாளர், உண்மைப் பெயர், வேறு தலைப்புகள், ஓவியர், குறைகள், வாங்கிய தேதி, கொடுத்த பணம். 'படித்தது' என்று ஒரு பத்தியும் விடுங்கள், அதற்கு எதிரில் இரண்டு வரி உங்கள் கருத்து. கைபேசியில் அந்தப் பட்டியல் எப்போதும் இருக்கட்டும். ஒரு பழைய புத்தகக் குவியலின் முன் நிற்கும்போது, கையிலிருக்கும் 'டி' வரிசை ஏஸ் இரட்டைப் புத்தகம் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா, இருந்தால் அதில் எந்தப் பக்கத்து அட்டை வெளுத்தது என்று அப்போதுதான் பார்க்க முடியும்.